கெர்ஹார்ட் ரிக்டரின் 'அக்டோபர் 18, 1977': மங்கலாக்கியது நேர்மையா, நழுவலா?

கரித்துண்டு:

புகைப்படத்தைப் பார்த்து வரைவது பற்றிய பழைய இழையில் யாரோ போகிற போக்கில் ஜெர்மன் ஓவியர் ரிக்டர் பெயரை இழுத்துவிட்டுப் போனார்கள். அங்கேயே பேசினால் அந்த இழை திசைமாறிவிடும். அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மேற்கு ஜெர்மனியில் 1970இல் உருவானது செம்படைப் பிரிவு. பத்திரிகைகள் வைத்த பெயர் பாடர்-மைன்ஹோஃப் கும்பல். வியட்நாம் போருக்கும், நாஜிகள் பதவியில் நீடித்த அரசுக்கும் எதிராகக் கிளம்பிய மாணவர் எழுச்சியின் ஓரத்திலிருந்து பிரிந்து, வங்கிக் கொள்ளை, குண்டுவெடிப்பு, ஆள்கடத்தல், கொலை என்று போனவர்கள். தலைவர்கள் 1972இலேயே பிடிபட்டார்கள். ஸ்டுட்கார்ட் ஊரின் ஸ்டாம்ஹைம் சிறையில் அவர்களுக்கென்றே தனித் தளம். உல்ரிக்கே மைன்ஹோஃப் 1976 மே 9 அன்று அங்கே தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். 1977 அக்டோபர் 18 காலையில் ஆந்திரேயாஸ் பாடரும் யான்-கார்ல் ராஸ்பேயும் குண்டுக் காயத்தோடும், குட்ரூன் என்ஸ்லின் தூக்கிலும், இர்ம்கார்ட் மோலர் மார்பில் கத்திக்குத்தோடும் கண்டெடுக்கப்பட்டார்கள். பிழைத்தது மோலர் மட்டும். அரசு தற்கொலை என்றது. இடதுசாரிகளில் பலர் கொலை என்றார்கள்.

பதினோரு வருடம் கழித்து, 1988இல், ரிக்டர் இதை 15 எண்ணெய் வண்ண ஓவியங்களாக வரைந்தார். எல்லாமே சாம்பல் நிறம். எல்லாமே பத்திரிகையிலும் போலீஸ் கோப்பிலும் வந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களிலிருந்து எடுத்தவை. வரைந்து முடித்து, ஈரம் காய்வதற்குள் மேலே தூரிகையை இழுத்து எல்லாவற்றையும் மங்கலாக்கிவிட்டார். இளம்வயது மைன்ஹோஃப், கைதுக் காட்சி இரண்டு, சிறையில் என்ஸ்லின் மூன்று, அவர் தூக்கில் தொங்குவது ஒன்று, பாடரின் அறை, அவருடைய ரெக்கார்ட் பிளேயர், சுடப்பட்டுக் கிடக்கும் பாடர் இரண்டு, இறந்த மைன்ஹோஃப் மூன்று, கடைசியில் இறுதி ஊர்வலம்.

என் கேள்வி ஒன்றுதான். கொலை செய்தவர்களின் பிணத்தை இப்படி மங்கலாக, கிட்டத்தட்ட மென்மையாக வரைந்தது என்ன வேலை?

நெடுஞ்சாலை:

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஃபோகஸ் இல்லாத போட்டோவை நான் எடுத்தால் அழித்துவிடுவேன். இவர் எடுத்தால் அருங்காட்சியகம். இந்த ஆளின் அரூப ஓவியம் ஒன்று 2015 ஏலத்தில் மூன்று கோடி பவுண்டுக்கு மேல் போனதாகப் படித்தேன். சந்தை முடிவு செய்த பிறகு நாம் காரணம் தேடுகிறோம், அவ்வளவுதான்.

வண்ணாந்துறை:

நெடுஞ்சாலை, ஏலக் கதைக்கும் இந்தப் படங்களுக்கும் சம்பந்தமே இல்லை. இந்த 15ஐயும் அவர் தனித்தனியாக விற்க மறுத்தார். தனியார் யாருக்கும் கொடுக்கவில்லை. மொத்தமாக ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் என்று இருந்தார். 1995இல் நியூயார்க்கின் மோமா (நவீனக் கலை அருங்காட்சியகம்) வாங்கியது.

'ஃபோகஸ் இல்லாத போட்டோ' என்பதற்கு எண்ணெய் வண்ணத்தில் கை வைத்தவனாக ஒரு பதில். ஃபோகஸ் போன படத்தில் ஒளியே லென்ஸில் கலங்கிவிடுகிறது. அங்கே தெளிவு என்று ஒன்று முதலில் இருந்ததே இல்லை. ரிக்டர் செய்வது வேறு. புகைப்படத்தைக் கேன்வாஸ்மேல் பெரிதாக விழவைத்து, கோடு போட்டு, சாம்பல் சாயல்களைக் கலந்து, முதலில் ஒழுங்காகவே வரைகிறார். கண், உதடு, சட்டைப் பொத்தான் எல்லாம் இருக்கும். பிறகுதான் அகலமான காய்ந்த தூரிகையை எடுத்து ஈர வண்ணத்தின் மேல் இழுக்கிறார். கறுப்பு வெள்ளைக்குள் போகிறது, வெள்ளை கறுப்புக்குள் வருகிறது. ஈரச் சுண்ணாம்புச் சுவரில் ஒருவர் கையைத் தடவிக்கொண்டே போனால் எப்படி இருக்கும், அப்படி.

இதில் உள்ள பயம் வரைகிறவனுக்குத்தான் தெரியும். நாள் கணக்கில் உழைத்து வந்த முகத்தை ஒரே இழுப்பில் கெடுக்க வேண்டும். கொஞ்சம் அதிகமானால் ஆள் காணாமல் போய்விடுவார், குறைந்தால் வெறும் போட்டோ நகல். அப்படிக் காணாமல் போன படமே ஒன்று உண்டு. தொங்கும் என்ஸ்லினை இன்னொரு முறையும் வரைந்தார், அப்புறம் அதை வெள்ளை வண்ணத்தால் மூடிவிட்டார். 'போர்வை' என்று பெயர் வைத்து அதைத் தனிப் படமாகவே விட்டுவிட்டார். தொடரில் அது கிடையாது.

மழைக்குருவி:

நான் மோமாவில் நேரில் பார்த்திருக்கிறேன். கணினித் திரையில் பார்த்தால் இந்தத் தொடரில் பாதி போய்விடும். முக்கியமாக அளவு.

இறந்த மைன்ஹோஃப் மூன்று படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே புகைப்படம்தான் மூன்றுக்கும் மூலம். தரையில் மல்லாந்து கிடக்கிறார், பக்கவாட்டு முகம், கழுத்தில் கயிறு பதிந்த கறுத்த தடம். முதல் படம் 62க்கு 67 சென்டிமீட்டர். இரண்டாவது 62க்கு 62. மூன்றாவது 35க்கு 40தான். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகப் போக அந்தத் தடமும் தேய்கிறது, முகமும் தேய்கிறது. மூன்றாவதைப் பார்க்கக் கிட்டே போகத் தோன்றும். போனால் ஒன்றும் கிடைக்காது, தூரிகை இழுத்த வரிகள்தான். பின்னால் வந்தால் மறுபடி பிணம். அந்த அறையில் எல்லோரும் இப்படித்தான் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வந்தது, அவர்களும் அதையே செய்தார்கள்.

இறுதி ஊர்வலப் படம் 2 மீட்டர் உயரம், 3.2 மீட்டர் அகலம். அதில் மூன்று சவப்பெட்டிகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டமே படம்.

கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி. 15 படங்களில் எத்தனை கொலையுண்டவர்கள் இருக்கிறார்கள் என்று யாராவது எண்ணினீர்களா? நான் எண்ணினேன். பூஜ்யம்.

அக்டோபர் 18 தனியாக வானத்திலிருந்து விழவில்லை. 1977 ஏப்ரலில் தலைமை அரசு வழக்கறிஞர் சீக்ஃப்ரீட் புபாக்கை நடுத்தெருவில் காரில் வைத்துச் சுட்டார்கள். கூட இருந்த இரண்டு பேரும் செத்தார்கள். ஜூலையில் வங்கித் தலைவர் யூர்கன் போண்டோவை அவர் வீட்டுக்குள் போய்ச் சுட்டார்கள். சிறையிலிருந்த தலைவர்களை விடுவிக்கச் சொல்லி, செப்டம்பர் 5 அன்று கொலோன் நகரில் முதலாளிகள் சங்கத் தலைவர் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லையரைக் கடத்தினார்கள். கடத்தும்போது அவருடைய ஓட்டுநர் ஹைன்ஸ் மார்சிஸையும், பாதுகாப்புக்கு வந்த மூன்று போலீஸ்காரர்களையும் சுட்டுத் தள்ளினார்கள். அக்டோபர் 13 அன்று அதே கோரிக்கையோடு பாலஸ்தீனக் கூட்டாளிகள் 'லாண்ட்ஸ்ஹூட்' விமானத்தைக் கடத்தி, ஏடனில் விமானி யூர்கன் ஷூமனைச் சுட்டுக் கொன்றார்கள். 18ஆம் தேதி நள்ளிரவு கடந்ததும் மொகடிஷுவில் ஜெர்மன் அதிரடிப்படை புகுந்து 86 பேரை மீட்டது. அந்தச் செய்தி வந்த இரவில்தான் ஸ்டாம்ஹைம் சாவுகள். மறுநாள் ஷ்லையரின் உடல் பிரான்சின் முல்ஹவுஸ் ஊரில் ஒரு ஆடி கார் டிக்கியில் கிடந்தது.

ஷ்லையருக்கும் புகைப்படம் இருந்தது, கடத்தியவர்களே எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பியது. செம்படைப் பிரிவின் நட்சத்திரச் சின்னத்துக்கு முன்னால் அட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்திருப்பார். ஜெர்மனியில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இல்லை. ரிக்டர் அதைத் தொடவில்லை. ஓட்டுநரைத் தொடவில்லை. கொன்றவர்களின் ரெக்கார்ட் பிளேயருக்குக்கூட ஒரு கேன்வாஸ் கிடைத்தது, ஐயா.

பழையதோழர்:

கணக்குப்பிள்ளை ஷ்லையர் பற்றி ஒரு வரியை விட்டுவிட்டார். அவர் ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் பழைய அதிகாரி. ஆக்கிரமிக்கப்பட்ட பிராகாவில் வேலை பார்த்தவர். போர் முடிந்து சில வருடம் கழித்து டைம்லர்-பென்ஸில் மேலதிகாரி, அப்புறம் முதலாளிகள் சங்கத் தலைவர். 1967 ஜூன் 2 அன்று ஈரான் ஷா வருகையை எதிர்த்த ஊர்வலத்தில் பென்னோ ஓனசோர்க் என்ற மாணவரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். சுட்டவர் விடுதலையானார். இதையெல்லாம் பார்த்த தலைமுறை என்ன நினைத்திருக்கும்?

கொலையை நியாயப்படுத்தவில்லை. எங்கிருந்து கிளம்பியது என்று சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

தோழர், ஓட்டுநர் எந்த எஸ்.எஸ்.இல் இருந்தார்?

அப்புறம் ஓனசோர்க்கைச் சுட்ட குராஸ். அவர் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறைக்கு வேலை பார்த்த ஆள், கட்சி உறுப்பினரும்கூட என்று 2009இல் வெளிவந்தது. சுடச் சொல்லி உத்தரவு இருந்ததற்குச் சான்று இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு தலைமுறையே 'பாசிச அரசின் துப்பாக்கி' என்று நம்பிக் கிளம்பியதே, அந்தத் துப்பாக்கியைப் பிடித்திருந்த கை சோஷலிச நாட்டுச் சம்பளப் பட்டியலில் இருந்தது.

செம்பருத்தி:

நான் கொலோனில்தான் இருக்கிறேன். ஷ்லையரைக் கடத்திய இடத்தில் இப்போது ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஓட்டுநர், மூன்று போலீஸ்காரர்கள் எல்லோருக்குமாகத்தான். அந்த வழியாக நாய் கூட்டிப் போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள் யாரும் நின்று பார்த்து நான் கண்டதில்லை. ரிக்டர் 1983 முதல் இதே ஊரில்தான், இந்தத் தொடரை வரைந்ததும் இங்கேதான். அதனால் கணக்குப்பிள்ளை கேட்பதை அவர் அறியாமல் விட்டிருக்க வழியே இல்லை. தெரிந்தே விட்டிருக்கிறார்.

ஏன் என்பதற்கு அவருடைய ஊரைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1932இல் டிரெஸ்டனில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர், நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். தாய்மாமன் ரூடி ஹிட்லர் கால ராணுவச் சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்கும் குடும்பப் படம் ஒன்று இருந்தது. ரூடி போரில் செத்தார். சித்தி மரியானேவுக்கு மனநோய் என்று சொல்லி நாஜிகள் கருத்தடை செய்தார்கள், பிறகு மருத்துவமனையிலேயே பட்டினி போட்டுச் சாகடித்தார்கள், 1945 பிப்ரவரியில். 1965இல் ரிக்டர் இரண்டு படத்தையும் வரைந்தார், அதே சாம்பல், அதே மங்கல். மரியானே படத்தில் அவர் மடியருகே இருக்கும் கைக்குழந்தை ரிக்டரேதான்.

அதே வருடம் இன்னொரு படமும் வரைந்தார், 'ஹைடே அவர்கள்'. நோயாளிகளைக் கொல்லும் திட்டத்தில் முன்னணியில் இருந்த மருத்துவர், போருக்குப் பிறகு வேறு பெயரில் பல வருடம் டாக்டராகவே பிழைத்து, 1959இல் சரணடைந்தவர். இதைவிடக் கொடுமை ஒன்று 2000க்குப் பிறகு ஒரு பத்திரிகையாளர் தோண்டியதில் வெளியே வந்தது. ரிக்டரின் முதல் மனைவியின் அப்பா எஸ்.எஸ். மருத்துவர், டிரெஸ்டனில் நூற்றுக்கணக்கான கருத்தடைகளுக்குப் பொறுப்பானவர். சித்தியைச் சிதைத்த அதே திட்டம், மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசை. வரைந்தபோது ரிக்டருக்கு இந்தத் தொடர்பு தெரியாது.

நாஜிகளுடையது ஒரு சித்தாந்தம். போருக்குப் பிறகு டிரெஸ்டன் கிழக்கு ஜெர்மனி ஆனது. அங்கே கலைப் பள்ளியில் சுவரோவியம் படித்து, மகிழ்ச்சியான தொழிலாளர்களைச் சுவரில் வரைந்து கொடுத்தார். அது இரண்டாவது சித்தாந்தம். 1961இல், பெர்லின் சுவர் எழுவதற்குச் சில மாதம் முன்னால், மேற்கே வந்துவிட்டார். வந்த இடத்தில், கொஞ்ச வருடத்திலேயே, வசதியான வீட்டுப் பிள்ளைகள் மூன்றாவது முறையாக அதே உறுதியோடு உலகத்தைத் திருத்தக் கிளம்புகிறார்கள். அவருக்கு அவர்கள்மேல் அரசியல் ஒட்டுறவு கிடையாது, அதைப் பேட்டிகளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் செத்தவர்கள் எதற்குப் பலியானார்கள் என்று கேட்டால், இடது வலது என்று பிரிக்காமல், சித்தாந்தப் பிடிப்பு என்பதற்கே பலியானார்கள் என்கிற பொருளில் பேசுவார்.

கணக்குப்பிள்ளை:

அக்கா, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை. 'சித்தாந்தத்துக்குப் பலியானார்கள்' என்றால் கொன்றவனும் பலி, செத்தவனும் பலி. எல்லோரும் பலி என்றால் குற்றவாளி யார்?

நாற்சந்தி:

இங்கே எல்லோரும் ஜெர்மனி ஜெர்மனி என்கிறீர்கள். நம் பக்கத்தில் நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் இல்லையா? நக்சல்பாரி, ஈழம்

மட்டுறுத்துநர்:

நாற்சந்தியின் பதிவை இத்துடன் வெட்டியிருக்கிறேன். அதைத் தொடர்ந்து வந்த பதினொரு மறுமொழிகளையும் 'பொது அரசியல்' பகுதிக்கு மாற்றிவிட்டேன். ஒப்பீடு தப்பு என்று சொல்லவில்லை. இரண்டாவது மறுமொழியிலேயே ரிக்டர் பெயர் காணாமல் போய்விட்டது, அதுதான் காரணம். இங்கே படங்களைப் பேசுங்கள்.

கரித்துண்டு:

நன்றி மட்டுறுத்துநரே. படங்களுக்கே வருகிறேன்.

கணக்குப்பிள்ளை கேலியாகச் சொன்ன ரெக்கார்ட் பிளேயர்தான் என் பார்வையில் இந்தத் தொடரின் சாவி. 62க்கு 83 சென்டிமீட்டர், சின்னப் படம். மேலேயிருந்து பார்த்த கோணம், தட்டு ஒன்று இருக்கிறது, ஊசிக் கை இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. கதை தெரியாதவர்கள் இதை அசையாப்பொருள் ஓவியம் என்று நினைத்துக் கடந்து போவார்கள். கதை என்னவென்றால், பாடர் துப்பாக்கியை ஒளித்துவைத்தது இந்த ரெக்கார்ட் பிளேயருக்குள்தான் என்பது விசாரணையின் முடிவு. நாட்டிலேயே மிகக் கடுமையான காவல் என்று சொல்லப்பட்ட சிறைக்குள் துப்பாக்கி எப்படி வந்தது? வழக்கறிஞர்களின் கோப்புகளுக்குள் மறைத்து என்றது அரசு. 'கதை விடுகிறார்கள்' என்றது எதிர்த்தரப்பு.

போலீஸ் அந்தப் புகைப்படத்தை எடுத்தது எதற்கு? சான்றுக்கு. இதோ பார், இதுதான் நடந்தது என்று காட்டுவதற்கு. அது சான்றாக வேலை செய்ததா? இல்லை. நாடே அந்தப் படங்களைப் பார்த்தது, பாதிப் பேர் தற்கொலை என்றார்கள், மீதிப் பேர் கொலை என்றார்கள். ஒரே படம். ஸ்டெர்ன் பத்திரிகையில் இறந்த மைன்ஹோஃப் முகம் வந்தபோதும் அப்படித்தான், ஒருவருக்குத் தியாகி, இன்னொருவருக்கு ஒழிந்த சனியன்.

ரிக்டர் அந்தப் படங்களிலிருந்து உருவிப்போடுவது அந்தச் சான்றைத்தான். காயத்தின் கோணத்தை அளக்க முடியாது, முடிச்சைப் பார்க்க முடியாது, துப்பாக்கி எங்கே என்று தேட முடியாது. வழக்கு நடத்த உதவாத படமாக மாற்றிவிடுகிறார். வழக்கு போனபின் மீதி இருப்பது செத்துக்கிடக்கும் ஒரு ஆள். நம்மில் யாரும் அந்தப் புகைப்படத்தில் அதைப் பார்க்கவே இல்லை.

நெடுஞ்சாலை:

இது கொஞ்சம் புரிகிறது. ஆனால் கொலையா தற்கொலையா என்பது உண்மையிலேயே தீர்க்க முடியாத கேள்வியா? அந்தக் குழுவில் இருந்த சிலரே பின்னாளில் தற்கொலைத் திட்டம்தான் என்று வாக்குமூலம் கொடுத்தார்களே. தெளிவாகிவிட்ட விஷயத்தை மங்கலாக வைத்திருப்பது யாருக்கு லாபம்?

வண்ணாந்துறை:

நல்ல கேள்வி. அந்த வாக்குமூலங்கள் பெரும்பாலும் 1990 வாக்கில், கிழக்கு ஜெர்மனி சரிந்து அங்கே ஒளிந்திருந்தவர்கள் பிடிபட்ட பிறகு வந்தவை. ரிக்டர் வரைந்தது 1988. அப்போது அமைப்பு உயிரோடுதான் இருந்தது. படங்கள் 1989 பிப்ரவரியில் கிரேஃபெல்டில் முதன்முதலாகத் தொங்கின, அதே நவம்பரில் டாய்ச்சே வங்கித் தலைவர் ஆல்ஃப்ரெட் ஹெர்ஹாசனைக் குண்டு வைத்துக் கொன்றார்கள், பொறுப்பேற்றது செம்படைப் பிரிவு. கலைத்துவிட்டோம் என்று கடிதம் அனுப்பியது 1998இல். எரிந்துகொண்டிருக்கும்போதே வரைந்த படங்கள் இவை, ஆறிய பிறகு அல்ல.

உயிர் பிழைத்த மோலர் மட்டும் தற்கொலை இல்லை என்றே சொல்லிவந்தார்.

பழையதோழர்:

அந்த நாட்களில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் மைன்ஹோஃப் கட்டுரைகள் சிலவற்றைத் தட்டச்சுப் படியாகச் சுற்றுக்கு விட்டிருக்கிறோம். 'கொன்க்ரெட்' இதழில் எழுதிய பத்தியாளர் அவர், நல்ல கூர்மை. நாஜிகள் நீதிபதிகளாக நீடிப்பதையும், அனாதை விடுதிப் பெண் பிள்ளைகளின் நிலையையும் எழுதியவர். 1970 மே மாதம் பாடரைத் தப்பவைக்க உதவி, ஜன்னல் வழியே குதித்துப் போனதோடு அந்த எழுத்தாளர் முடிந்தார். அதற்குப் பிறகு வந்த அறிக்கைகளில் அந்த மொழி இல்லை, முழக்கம்தான் இருந்தது.

அதனால் எனக்கு அந்த இளம்வயதுப் படம்தான் வலிக்கிறது. மற்றதை எல்லாம் கடந்துவிடுகிறேன்.

மழைக்குருவி:

தோழர், அந்தப் படத்தில்தான் எனக்குச் சந்தேகமே. தலைப்பு 'இளமைக்கால உருவப்படம்'. அடிப்படையான புகைப்படம் 1970இல் எடுத்தது. மைன்ஹோஃப் 1934இல் பிறந்தவர், அப்போது 35 வயதுக்காரர், இரட்டைப் பெண்களின் தாய், பெயர்பெற்ற பத்திரிகையாளர். ரிக்டரின் கேன்வாஸில் பதினெட்டு இருபது வயதுப் பெண் போலத் தெரிகிறார். பள்ளிப் படம் என்றே பலர் நினைக்கிறார்கள். முகத்தின் கடுமையைத் தூரிகை துடைத்துவிட்டது.

கரித்துண்டு சொல்கிற 'சான்றை உருவிப்போடுதல்' இங்கே பொருந்தவில்லை. இங்கே மங்கல் ஒப்பனை வேலை செய்கிறது. அப்பாவிப் பெண், பாவம் கெட்டுப்போனாள் என்கிற கதையை அது தொடங்கிவைக்கிறது, பிணப் படங்கள் முடித்துவைக்கின்றன. கணக்குப்பிள்ளையின் கோபத்துக்கு இந்த ஒரு படம் போதும்.

கரித்துண்டு:

இந்தப் படத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் என்ஸ்லின் மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். அடையாள அணிவகுப்புக்கு அழைத்துப் போகும்போது எடுத்தவை. தொளதொளத்த சிறை உடை. முதலாவதில் நம் பக்கம் திரும்புகிறார். இரண்டாவதில் நேராகப் பார்த்துச் சிரிக்கிறார், தெரிந்தவரைப் பார்த்த சிரிப்பு. மூன்றாவதில் தலை கவிழ்ந்து, படத்தை விட்டு வெளியே போகிறார். அடுத்த படத்தில் அவர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறார், 2 மீட்டர் உயரக் கேன்வாஸ், கால் எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

அந்தச் சிரிப்பை அழகுபடுத்தியதாக என்னால் சொல்ல முடியவில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்? காவலரையா, போட்டோக்காரரையா? பாதிரியார் வீட்டுப் பெண், படிப்பில் கெட்டிக்காரி, 1968 ஏப்ரலில் ஃப்ராங்க்ஃபர்ட் பல்பொருள் அங்காடிகளுக்குத் தீ வைத்தவர், குழந்தையை விட்டுவிட்டுப் போனவர், 1972 மே குண்டுகளுக்காக ஆயுள் தண்டனை பெற்றவர். இத்தனையும் அந்தச் சிரிப்பில் பொருந்தவில்லை. பொருந்தாமல் விட்டதுதான் அந்தப் படத்தின் பலம்.

வண்ணாந்துறை:

ஒப்பீட்டுக்கு ஒன்று. பிரெஞ்சுப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான மாராவைக் குளியல் தொட்டியில் குத்திக் கொன்ற அதே 1793இல் டேவிட் வரைந்த ஓவியம் எல்லோரும் அறிந்தது. டேவிட் மாராவின் கட்சிக்காரர். தோல் சுத்தம், காயம் சின்னது, கையில் கடிதம் படிக்கும்படி தெளிவாக இருக்கும், கீழே மரப்பெட்டியில் 'மாராவுக்கு, டேவிட்' என்றே எழுதியிருப்பார். அரசியல் பிணத்தைத் தியாகியாக்குவது எப்படி என்பதற்கு அதுதான் பாடப்புத்தகம். தியாகி வேண்டுமென்றால் தெளிவு வேண்டும். எழுத்து தெரிய வேண்டும், முகம் தெரிய வேண்டும், யாருக்காகச் செத்தான் என்று தெரிய வேண்டும். ரிக்டர் இதில் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டார். இவற்றைச் சுவரொட்டியில் அச்சடித்து ஊர்வலத்தில் தூக்கிப் போக முடியுமா? தூரத்தில் ஒன்றும் தெரியாது.

1989இல் இரண்டு பக்கமும் திட்டியதற்குக் காரணமும் இதுதான். வலது பக்கம், பயங்கரவாதிகளுக்கு நினைவாலயம் என்றது. இடது பக்கம், அரசியலைத் துடைத்துவிட்டு வெறும் துக்கமாக்கிவிட்டார் என்றது. மோமா வாங்கியபோது அமெரிக்காவிலும் ஹில்டன் கிராமர் போன்ற விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள்.

செம்பருத்தி:

நியூயார்க்குக்குப் போனதில் இங்கே பலருக்கு வருத்தம். ஜெர்மனியின் புண், ஜெர்மனியில் இருக்க வேண்டாமா என்று. அதுவரை ஃப்ராங்க்ஃபர்ட் அருங்காட்சியகத்தில் இரவலாக இருந்தது. அங்கே இருந்தால் இது உள்ளூர்ச் சண்டையாகவே பார்க்கப்படும், அமெரிக்காவில் பொதுவாகப் பார்ப்பார்கள் என்ற பொருளில் ரிக்டர் பேசியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. பொதுவாகப் பார்ப்பது என்றால் ஓட்டுநர் மார்சிஸ் பெயரை யாரும் கேட்காத இடத்தில் பார்ப்பது என்றும் ஆகிறது.

இறுதி ஊர்வலப் படத்துக்குப் பின்னால் இருக்கிற ஒருவரையும் சொல்ல வேண்டும். மூவரையும் எந்த ஊரிலும் புதைக்க விடமாட்டோம் என்று மக்கள் கொதித்தபோது, ஸ்டுட்கார்ட் மேயர் மன்ஃப்ரெட் ரோம்மல் டோர்ன்ஹால்டன் கல்லறையில் ஒரே குழியில் இடம் கொடுத்தார். பாலைவனப் போர்த் தளபதி ரோம்மலின் மகன், பழமைவாதக் கட்சிக்காரர். சாவோடு பகை முடிய வேண்டும் என்றார். அவருடைய அப்பாவை ஹிட்லர் கட்டாயத் தற்கொலைக்குத் தள்ளி, பிறகு அரசு மரியாதையோடு புதைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அரசு சொல்லும் 'தற்கொலை'யும் அரசியல் சவ ஊர்வலமும் அந்த வீட்டுக்குப் புதிது இல்லை. 27ஆம் தேதி அடக்கம் நடந்தது, சுற்றிலும் போலீஸ். அந்தக் கூட்டம்தான் அந்தப் பெரிய கேன்வாஸ்.

கணக்குப்பிள்ளை:

ரோம்மல் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அவர் மேயர். புதைக்க இடம் கொடுப்பது மேயர் வேலை. ஓவியர் வேலை தேர்ந்தெடுப்பது.

டேவிட் ஒப்பீட்டை ஏற்கிறேன், இவை தியாகிப் படங்கள் இல்லை. சான்றை உருவிப்போட்டார் என்பதையும் பாதி ஏற்கிறேன். என் எதிர்ப்பு வேறு இடத்தில் நிற்கிறது. ஒரு ஆளை ஆளாகப் பார்க்கவைக்கும் வித்தை ரிக்டரிடம் இருக்கிறது. அந்த வித்தையை 15 முறை பயன்படுத்தினார். 15 முறையும் ஒரே தரப்புக்கு. 'சித்தாந்தம்தான் கொன்றது' என்பது அவருடைய வாதமாக இருந்தால், அந்தச் சித்தாந்தம் முதலில் கொன்றது ஓட்டுநரை. பாடரை அது கடைசியாகத்தான் கொன்றது.

மழைக்குருவி:

இதற்கு நேர்ப் பதில் கிடையாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஷ்லையர் படத்தை அதே மங்கலில் அவர் வரைந்து, பாடர் பக்கத்தில் மாட்டியிருந்தால் உங்களுக்கு நிம்மதியா? அவரைக் கடத்தியவர்கள் எடுத்த படம் அது, அவமானப்படுத்த எடுத்தது. அதை ஓவியமாக்கி அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக மாட்டுவது அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்திருக்கும்? கொன்றவர்களின் கேமராவை மறுபடி இயக்கினது போல் ஆகாதா?

கணக்குப்பிள்ளை:

ஆகலாம். அப்படியானால் ஷ்லையரை விடட்டும். மார்சிஸ் குடும்ப ஆல்பத்தில் ஒரு படம் இருந்திருக்காதா? சித்தி மரியானேவுக்குக் குடும்ப ஆல்பத்திலிருந்துதானே எடுத்தார்.

கரித்துண்டு:

இது இந்த இழையிலேயே கனமான அடி.

என் பதில்: மரியானே அவருடைய வீடு. மார்சிஸ் வீட்டு ஆல்பத்தைக் கேட்டு வாங்கி வரைந்தால் அது நினைவஞ்சலி ஆகும், ரிக்டருக்கு நினைவஞ்சலி வராது. அவர் கை வைத்தது நாடு முழுக்கப் பார்த்து, கூசி, பார்த்ததை மறக்க முயன்ற படங்களில். மார்சிஸை யாரும் மறக்க முயலவில்லை, நினைக்கவே இல்லை. இரண்டும் இரண்டு வகை அநியாயம். இந்த 15 படங்கள் ஒன்றைத்தான் தொட்டன.

நெடுஞ்சாலை:

நான் போட்டோ நகல் என்று கேலி செய்யத்தான் வந்தேன், இப்போது ரிக்டரின் பிர்கெனாவ் படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2014இல் வரைந்தது, நாலு பெரிய படங்கள். பிர்கெனாவ் என்ற நாஜி வதைமுகாமில் கைதிகளே 1944இல் ரகசியமாக எடுத்த நாலு புகைப்படங்களை முதலில் கேன்வாஸில் வரைந்து, பிறகு முழுக்க மூடிவிட்டாராமே. ஒன்றுமே தெரியவில்லை, சிவப்பு, பச்சை, கறுப்புதான். பாடருக்கு மங்கல், பிர்கெனாவுக்கு முழு மூடல். பாதிக்கப்பட்டவர்கள் என்று வந்தால் இவருக்குக் கை ஓடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

வண்ணாந்துறை:

இல்லை, அங்கே அந்த நாலு புகைப்படங்களின் பிரதியையும் பக்கத்திலேயே மாட்டுகிறார்கள். மூடியது தனியாக நிற்கவில்லை. அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் வாதம் செய்ய முடியும். தனி இழை போடுங்கள், வருகிறேன்.

கணக்குப்பிள்ளை:

போடுங்கள், நானும் வருகிறேன். மார்சிஸ் விஷயத்தில் கரித்துண்டு சொன்னதை நான் ஏற்கவில்லை என்று மட்டும் இங்கே பதிந்துவைக்கிறேன்.